கென்டருக்கு டர்போ போடப் போகிறீர்களா? முதலில் லொறியை அளங்கள்

கந்தப்பளையில் கரட், லீக்ஸ், கோவா ஏற்றி வாரம் நாலு தடவை தம்புள்ளைக்குப் போகிறது என் மிட்சுபிஷி கென்டர் லொறி. திரும்பும்போது அரிசி, வெங்காயம். எஞ்சின் 4டீ33, 4214 சீசீ, டர்போ இல்லாமல் வந்தது. கம்பளை தாண்டிப் புசல்லாவை ஏற்றம் தொடங்கினால் இரண்டாவது கியரும் கறுப்புப் புகையும்தான். நுவரெலியா நகரம் 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பம்பு அதே டீசலைத்தான் அடிக்கிறது, எரிக்கத்தான் காற்று போதவில்லை. எக்ஸோஸ்ட் புகையால் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவிதான் டர்போ. அதனால்தான் அந்த யோசனை வந்தது.

மூன்று நாளில் முடித்துத் தருவதாகச் சொன்ன வேலை 11 நாள் இழுத்தது. டர்போவில் ஒரு குறையும் இல்லை. அதைச் சுற்றி இருந்த எதுவும் ஒன்றோடொன்று சேரவில்லை, அவ்வளவுதான். அந்த 11 நாளில் நான் கற்றதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். நான் செய்த வரிசை வேறு, அதைப் பின்பற்ற வேண்டாம்.

1. எஞ்சின் தாங்குமா என்று பாருங்கள்

தேய்ந்த எஞ்சினுக்கு டர்போ போட்டால் சீக்கிரம் ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் வேலை) செய்ய வேண்டி வரும். எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் அந்தக் காசை எஞ்சினுக்குச் செலவு செய்யுங்கள். மூடியைத் துளையின் மேல் தலைகீழாக வைத்ததும் அது துள்ளி விழுந்தாலும் அப்படித்தான். அடுத்தது கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பார்ப்பது. நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகக் கீழே நின்றால் டர்போப் பேச்சே வேண்டாம்.

ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவிக்கொள்ளுங்கள். கூடுதலாக எரியும் டீசலின் சூடு அங்கேதான் வந்து சேரும்.

2. கடதாசி வேலையை முன்னாலேயே முடியுங்கள்

லொறி லீசிங்கில் இருந்தால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கொம்பனியின் பெயர்தான் இருக்கும். அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸுக்கும் கடிதம் கொடுங்கள். எஞ்சின் இலக்கம், போடப்போகும் டர்போவின் மொடல், வேலை செய்யும் கராஜ் மூன்றையும் எழுதி, பெற்றுக்கொண்டதற்குச் சீல் அடித்த பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். போனில் "பிரச்சினை இல்லை" என்று சொன்னதை நம்பி இருக்காதீர்கள். விபத்து நடந்த பிறகு அந்தப் போன் பேச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

டர்போ போடுவதால் எஞ்சின் இலக்கம் மாறாது. டர்போவோடு வந்த முழு ரீகண்டிஷன் எஞ்சினையே மாற்றினால் இலக்கம் மாறும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும். இலக்கம் மாறாத வேலை என்றாலும் திணைக்களத்திடம் ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

வருமான அனுமதிப்பத்திரம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். அதைப் புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும், லொறிக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். திகதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது டர்போ வேலையைத் தொடங்கினால் பாதி கழற்றிய லொறியோடு மாட்டிக்கொள்வீர்கள். குறைந்தது இரண்டு மாதமாவது கையில் இருக்கட்டும். சித்திரைப் புத்தாண்டுப் பக்கமும் வேண்டாம். லேத் பட்டறை பூட்டினால் எப்போது திறக்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

3. அட்டை அச்சு எடுங்கள்

நான் பிழை விட்ட இடம் இதுதான். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு டர்போ மலிவாகக் கிடைத்தது என்று ஒருவர் போட்டோ அனுப்பினார், நான் உடனே காசை அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் வந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு லேத்துக்குப் போனேன். அங்கே இருந்த வயதான பாஸ் டர்போவைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். "தம்பி, சாமான வாங்கிட்டு வந்து லொறிய அளக்குறியா? லொறிய அளந்துட்டுப் போயில்ல சாமான் வாங்கணும்!"

அவர் சொன்னபடி செய்யுங்கள். பழைய மெனிபோல்ட்டை (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்) கழற்றி, கேஸ்கட்டை ஒரு தடித்த அட்டையில் வைத்துத் துளைகளை வரையுங்கள். கெபினைத் தூக்கி, மெனிபோல்ட் இருந்த இடத்திலிருந்து நாலு பக்கமும் அளந்து எழுதுங்கள்: செசி வரைக்கும், ஸ்டியரிங் பெட்டி வரைக்கும், பிரேக் பைப் வரைக்கும், வயர் கட்டு வரைக்கும்.

மேலே கெபின் அடித்தட்டுக்கு உள்ள இடைவெளியைத் தூக்கி வைத்த நிலையில் அளக்க முடியாது. அதற்கு நான் கண்ட வழி ரொட்டிக்குப் பிசைந்த மா. டர்போ அளவுக்கு ஒரு டின்னையோ மரக்கட்டையையோ அந்த இடத்தில் கட்டி, அதன் மேல் உருண்டை உருண்டையாக மாவை வைத்துக் கெபினை மெதுவாக இறக்கிப் பூட்டுங்கள். திரும்பத் தூக்கி, நசுங்கிய மாவின் தடிப்பை அளந்து பாருங்கள். 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அந்த உயரத்தில் டர்போ வைக்கக் கூடாது. ஓடும்போது எஞ்சின் மவுண்டில் ஆடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மா எங்கே போனது என்ற கேள்விக்குப் பதிலை நீங்களே தயார் செய்துகொள்ளுங்கள்.

4. சாமானைச் செட்டாக வாங்குங்கள்

தனி டர்போ மலிவாகத் தெரியும். ஆனால் மெனிபோல்ட், ஒயில் பைப், திரும்பும் பைப், வெளியே போகும் எல்போ எல்லாவற்றையும் பிறகு ஒவ்வொன்றாகத் தேடுவதற்குள் அந்த இலாபம் கரைந்துவிடும். உங்கள் எஞ்சின் குடும்பத்திலேயே டர்போவோடு வந்த எஞ்சின் எது என்று கேளுங்கள். 4டீ33க்கு அந்த உறவு 4டீ34டீ, 3907 சீசீ. ஒரே குடும்பம் என்பதற்காகக் கண்ணை மூடி வாங்கக் கூடாது. கடையிலேயே அட்டை அச்சை மெனிபோல்ட் மேல் வைத்து ஒவ்வொரு துளையையும் பாருங்கள்.

பழைய டர்போவை வாங்கும்போது தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். ஆனால் அப்படி ஆட்டும்போது சக்கரம் சுவரில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் விரலுக்குத் தெரியும்படி அசையவும் கூடாது. இறக்கையில் ஒரு சின்னப் பல் உடைந்திருந்தாலும் வேண்டாம்.

"எக்ஸோஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் இருந்ததா?" என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புகைக் குழாயை மூடி எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பதுதான் எக்ஸோஸ்ட் பிரேக். ஏன் கேட்க வேண்டும் என்று எட்டாவது படியில் சொல்கிறேன். பில்லில் டர்போவின் தகட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். திருட்டுச் சாமான் இல்லை என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பில்தான்.

5. பிளேஞ்ச் பொருந்தவில்லை என்றால்

டர்போவின் கால் பிளேஞ்ச் (மெனிபோல்ட்டில் பூட்டும் துளைத் தட்டு) பல அளவில் வரும். டீ25, டீ3, டீ4 என்று ஒரு வகை, ஜப்பான் டர்போக்களுக்குத் தனி வகை. துளை பொருந்தவில்லை என்று ட்ரில்லால் நீள்துளை போடுவதை நிறையக் கராஜ்களில் பார்த்திருக்கிறேன். செய்ய விடாதீர்கள். சூட்டில் கேஸ்கட் நகர்ந்து ஒரு மாதத்தில் ஊதும்.

சரியான வழி இடைத்தகடு. 12 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீலில் ஒரு பக்கம் மெனிபோல்ட்டின் துளைகள், மறுபக்கம் டர்போவின் துளைகள். நடு வாய் ஒன்றிலிருந்து மற்றதற்குச் சரிவாக மாற வேண்டும், உள்ளே படிக்கட்டு மாதிரி விளிம்பு நிற்கக் கூடாது. வெல்டிங் செய்திருந்தால் தகடு கட்டாயம் வளைந்திருக்கும். வெல்டிங்குக்குப் பிறகு லேத்தில் முகம் வெட்டச் சொல்லி, நேர்விளிம்பு வைத்து, 0.1 மில்லிமீட்டர் பீலர் கேஜ் எங்கேயும் நுழையவில்லை என்று நீங்களே பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். தகடு டர்போவை 12 மில்லிமீட்டர் நகர்த்துகிறது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். மேல்நோக்கிய மெனிபோல்ட் என்றால் ரொட்டி மா கணக்கை மறுபடி போட வேண்டும்.

ஸ்டட்டில் இன்னொரு பொறி. எம்10 என்று கடையில் கேட்டால் 1.5 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள மில்லிமீட்டர் தூரம்) கொடுப்பார்கள். ஜப்பான் எஞ்சினில் பெரும்பாலும் 1.25. இரண்டு சுற்று கையால் போகும், பிறகு இறுகும், ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும். கையால் கடைசி வரைக்கும் போகாத ஸ்டட்டை ஸ்பேனரால் தள்ளாதீர்கள்.

6. டர்போவைத் திருப்புதல்

டர்போ மூன்று துண்டு: சூட்டுப் பக்கக் கூடு, காற்றுப் பக்கக் கூடு, நடுவில் தண்டு இருக்கும் பகுதி. போல்ட்டைத் தளர்த்தி மூன்றையும் ஒன்றுக்கொன்று திருப்ப முடியும். முதலில் சூட்டுக் கூட்டை மெனிபோல்ட்டில் மாட்டுங்கள். அப்புறம் ஒயில் வாய் மேலேயும் வடிகால் வாய் கீழேயும் வரும்படி நடுப்பகுதியைத் திருப்புங்கள். வடிகால் நேர் கீழிலிருந்து 35 பாகைக்கு மேல் சாயக் கூடாது. காற்றுக் கூட்டைக் கடைசியில், பைப் போகும் பக்கம் பார்த்துத் திருப்புங்கள். திருப்பும் முன் சென்டர் பஞ்சால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டைக் கோணலாக இழுத்தால் சக்கர இறக்கை வளையும், நேராகத்தான் எடுக்க வேண்டும்.

வேஸ்ட்கேட் (அழுத்தம் கூடினால் புகையை டர்போவுக்கு வெளியே திருப்பி விடும் கதவு) தடி காற்றுக் கூட்டோடு சேர்ந்து திரும்பிவிடும். தடி கோணலாக இழுபட்டால் புது பிராக்கெட் அடியுங்கள். தடியை வளைத்து மாட்டினால் வேஸ்ட்கேட் இறுகிப் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறிக்கொண்டே போகும்.

7. ஒயில் வருவதும் திரும்புவதும்

வரும் ஒயிலை ஒயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையிலிருந்து டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு எடுப்பதுதான் வழக்கம். ஜப்பான் எஞ்சினில் அது எட்டில் ஒன்று பீடீ மரை, அங்குலத்துக்கு 28 பல். கடையில் கிடைக்கும் அமெரிக்க எட்டில் ஒன்று என்பீடீ 27 பல். பார்த்தால் ஒன்றுதான், மூன்று சுற்று போகவும் செய்யும். எனக்கு அது பிளாக்கில் ஒழுகத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தால் பிளாக்கே வெடித்திருக்கும் என்றார் பாஸ். மரைக் கேஜ் ஒன்றை வாங்கி வையுங்கள்.

ஒயில் கேஸ்கட்டுகளில் சிலிக்கன் பசை பூசாதீர்கள். பிதுங்கிய துண்டு உள்ளே போய் ஒயில் துளையை அடைத்தால் தண்டு சில நிமிடத்தில் போய்விடும்.

திரும்பும் பைப்தான் மலைநாட்டில் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒயில் பிரஷரோடு டர்போவுக்குள் போகிறது, வெளியே வருவது வெறும் எடையால். அதனால் பைப் உள்வாய் 16 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 19 இருந்தால் நல்லது. வழி முழுக்கக் கீழ்நோக்கியே போக வேண்டும், நடுவில் தொய்ந்து ஒயில் தேங்கக் கூடாது. சம்பில் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தொட்டி) அது சேரும் இடம் ஒயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

எனக்குச் சம்பின் பின்பக்கம், ஒயில் மட்டத்துக்கு இரண்டு விரல்கூட இல்லாத உயரத்தில் துளை போட்டு வெல்ட் வைத்துக் கொடுத்தார்கள். கராஜ் வாசலில் எல்லாம் சரி. நானுஓயாப் பக்கம் ஓட்டினேன், சரி. மூன்றாவது நாள் அரிசி மூடையோடு றம்பொடை ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் வந்த பஸ்ஸைக் காணவில்லை. அவ்வளவு நீலப் புகை. மேலே சமதரையில் நிறுத்திப் பத்து நிமிடம் நின்றதும் புகை இல்லை. மறுபடி ஏற்றம், மறுபடி புகை. டர்போ சீல் போய்விட்டது என்று இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள். கழற்றிப் பார்த்தால் சீல் புதுசு மாதிரி இருக்கிறது.

விஷயம் வேறு. 600 மில்லிமீட்டர் நீளச் சம்பைப் பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் நிறுத்தினால் ஒயில் பின்னால் ஓடி, பின் முனையில் மட்டம் 30 மில்லிமீட்டர் உயரும். என் வடிகால் வாய் ஏற்றத்தில் மட்டும் மூழ்கியது. ஒயில் திரும்ப வழியில்லாமல் டர்போவில் தேங்கி, சீல் வழியாகச் சைலன்சருக்குப் போனது. தட்டையான ஊரில் இந்தப் பிழை வெளியே தெரிந்திருக்காது.

ஆகவே வடிகாலைச் சம்பின் நீளத்தில் நடுப்பகுதியில், முடிந்த மட்டும் மேலே வையுங்கள். சில பிளாக்குகளில் இதற்கென்றே அடைத்து வைத்த துளை இருக்கும், அது கிடைத்தால் அதிர்ஷ்டம். சம்பை வெல்ட் செய்தால் கழற்றித்தான் செய்ய வேண்டும். பிறகு உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு வைத்து, வெளியே நனைந்திருக்கிறதா என்று காலையில் பாருங்கள்.

8. சைலன்சர் பைப்பும் எக்ஸோஸ்ட் பிரேக்கும்

டர்போ வந்ததும் பழைய முன் பைப் பொருந்தாது, எக்ஸோஸ்ட் பிரேக் வால்வும் இடம் மாறும். "இது இல்லாமலும் ஓட்டலாம் அண்ணே, கழற்றிப் போட்டால் வேலை சுலபம்" என்று சொல்லும் கராஜிலிருந்து உடனே லொறியை வெளியே எடுங்கள். றம்பொடையோ கினிகத்தேனையோ, பாரத்தோடு இறங்கும்போது வெறும் கால் பிரேக்கை நம்பினால் ட்ரம் சூடாகி நடுவழியில் பிரேக் கைவிட்டுவிடும்.

வால்வு டர்போவுக்குப் பின்னால், வெளியே போகும் பைப்பில் வர வேண்டும். அது மூடும்போது அழுத்தம் டர்போவின் தண்டுச் சீல் மேல் வந்து நிற்கும். எக்ஸோஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் இருந்த டர்போவைத் தேடச் சொன்னது இதற்குத்தான். வால்வை இயக்கும் வெக்கும் ஹோஸைச் சூட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். முன் பைப்பில் ஒரு நெளிவுக் குழாய்த் துண்டு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் ஆட்டம் முழுக்க மெனிபோல்ட்டில் இறங்கி அது வெடிக்கும். பைப்பின் எடை டர்போவில் தொங்கக் கூடாது, கியர் பெட்டியில் ஒரு தாங்கி அடியுங்கள். வயர், பிரேக் பைப், கெபின் அடித்தட்டு மூன்றுக்கும் முன்னால் தகடு மறைப்பு போடுங்கள். என் லொறியில் ஹெட்லைட் வயர் ஒன்று உருகிய பிறகுதான் மறைப்பு வந்தது.

9. காற்றுப் பைப்

இதில் பெரிய வித்தை இல்லை. பைப் முனைகளில் வெல்டிங்கால் ஒரு மேடு வளையம் வைத்தால் ஹோஸ் கழன்று பறக்காது. பில்டர் பக்க ஹோஸ் உறிஞ்சலில் சப்பாமல் இருக்கக் கம்பி உள்ளதாகப் பாருங்கள். பழைய பில்டர் சிறியது என்றால் பெரிய பெட்டி போடுங்கள்.

10. முதல் ஸ்டார்ட்

புது ஒயில், புது பில்டர். டர்போவின் ஒயில் வாயில் கொஞ்சம் ஒயில் ஊற்றிக் கையால் தண்டைச் சுற்றுங்கள். பிறகு டீசலை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒயில் லைட் அணையும் வரைக்கும் பத்துப் பத்து விநாடியாகச் செல்ப் அடியுங்கள். அதன் பிறகுதான் ஸ்டார்ட். ஐந்து நிமிடம் ஆக்சிலேட்டர் தொடாமல் ஓட விட்டு, டோர்ச் அடித்து ஒழுகலைத் தேடுங்கள்.

11. பூஸ்ட், டீசல், ஏற்றம்

இரண்டு கேஜ் இல்லாமல் ரோட்டில் இறங்காதீர்கள்: பூஸ்ட் கேஜும், மெனிபோல்ட்டில் மாட்டும் சூட்டுக் கேஜும். டர்போ இல்லாமல் வந்த எஞ்சினில் நான் 7 பீஎஸ்ஐக்கு மேல் போகவில்லை. சூடு 700 பாகை செல்சியஸை நெருங்கினால் காலை எடுங்கள், கியரைக் குறையுங்கள்.

கேஜ் காட்டுவது சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். கொழும்பில் 7 பீஎஸ்ஐ என்றால் டர்போ காற்றை 1.5 மடங்கு அழுத்துகிறது. நுவரெலியாவில் அதே 7க்கு 1.6 மடங்கு அழுத்த வேண்டும், அதற்கு அது இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். மேலே வந்ததும் இழுவை கொஞ்சம் குறைந்தது மாதிரித் தெரியும். அதற்காக வேஸ்ட்கேட் தடியைக் குறுக்கி இறுக்கினால் டர்போவைத்தான் இழப்பீர்கள்.

டீசல் பம்பு ஸ்குரூவை முதல் மாதம் தொடவே வேண்டாம். எனக்குப் பம்பைத் தொடாமலே கறுப்புப் புகை போய்விட்டது. புகைப் பரிசோதனையில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று அடிவரை மிதித்துத்தான் அளப்பார்கள், டீசலைக் கூட்டி வைத்தவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். இழுவை கூடியதற்காகப் பாரத்தையும் கூட்டக் கூடாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள எடை அப்படியேதான் இருக்கிறது, உங்கள் பிரேக்கும் அப்படியேதான் இருக்கிறது.

ஓட்டிப் பார்க்க வெறும் லொறியோடு சமதரை போதாது. அரைப் பாரம் ஏற்றி ஒரு நீண்ட ஏற்றம், ஒரு நீண்ட இறக்கம். ஏற்றத்தில் நீலப் புகை, இறக்கத்தில் எக்ஸோஸ்ட் பிரேக் பிடிக்கும் சத்தம் இரண்டையும் கவனியுங்கள். ஏறி முடிந்து தேநீர்க் கடையில் நிறுத்தினால் இரண்டு நிமிடம் ஓட விட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

12. செலவும் நாளும்

என் கொப்பியில் உள்ள கணக்கு இது. டர்போவும் மெனிபோல்ட்டும் 110,000 ரூபாய். லேத், இடைத்தகடு 18,000. காற்றுப் பைப், ஹோஸ், கிளிப் 34,000. முன் பைப், நெளிவுத் துண்டு 27,000. ஒயில் ஹோஸ், பிட்டிங் 16,500. இரண்டு கேஜ் 22,000. கேஸ்கட், ஸ்டட், ஒயில், பில்டர் 31,500. கூலி 45,000. மொத்தம் 304,000. டர்போக் காசு மட்டும் கையில் இருந்தால் வேலையைத் தொடங்காதீர்கள், அது மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. ஓடாமல் நின்ற 11 நாள் வருமானமும், சம்பை இரண்டாம் தடவை வெல்ட் செய்த காசும் இதில் இல்லை. அந்த இரண்டாம் வெல்டுக்குக் கராஜ் காசு வாங்கியதா என்று கேட்கிறீர்களா? வாங்கியது.

இந்த வரிசையில் போனால் அளவு எடுக்க ஒரு நாள், சாமானுக்குக் கொழும்பு போய்வர இரண்டு நாள், லேத்துக்கு இரண்டு நாள், பூட்ட மூன்று நாள். லேத் வேலை முடியும் வரைக்கும் பழைய மெனிபோல்ட்டைத் திரும்பப் பூட்டி லொறியை ஓட்டலாம். நான் முதல் நாளே கழற்றிப் போட்டுவிட்டேன்.

300 கிலோமீட்டர் ஓடியதும், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மெனிபோல்ட் நட்டுகளையும் டர்போக் கால் நட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். எனக்கு மூன்று நட்டுகள் தளர்ந்திருந்தன.